கிரீஸ் கட்டிய வெண்டைச் செடிகள்

ஜூன் 2
அண்ணன் வீட்டுப் பின்பக்கம் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டான். என் பதினோரு வெண்டைச் செடிகளும் கோட்டுக்குள்ளே.
"மாசக் கடைசிக்குள்ள நம்ம மூணு பேருக்கு ஒரு வேளைக்குக் காய் வரட்டும். இல்லேன்னா சிமெண்ட் போட்டு வண்டிய நிறுத்திடுவேன்."
"ரெண்டு வேளைக்கே வரும்" என்றேன். வாய்க்கொழுப்பு. செடி இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை.

ஜூன் 6
சமையலறையில் மிஞ்சிய நாலு புதினாத் தண்டை வெண்டைக்கு நடுவே ஊன்றியது நான்தான். இப்போது பாத்தி முழுக்க அதன் ராஜ்ஜியம். மண்வெட்டியால் கண்டதுண்டமாக வெட்டி, மண்ணோடு புரட்டிப் போட்டேன். இருபதே நிமிடம். தீர்ந்தது.

ஜூன் 14
தீரவில்லை. ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு முளைத்திருக்கிறது! அண்ணி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, நீங்க வெட்டல. நட்டிருக்கீங்க."
என் லிஃப்ட் மெக்கானிக் வேலையில் கம்பியை வெட்டினால் அதோடு சரி. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தவனை என்ன சொல்ல?

ஜூன் 15
நாள் முழுக்க மண்டியிட்டு, கையால் துழாவி, வேர் வேராக உருவினேன். முதுகு போச்சு. ஒரே ஒரு கொத்தை மட்டும் அடியை அறுத்த பழைய வாளிக்குள் வைத்து, விளிம்பு நாலு விரல் வெளியே தெரிய, வாளியைப் புதைத்தேன். இனி அதற்குள்ளே ஆளட்டும்.

ஜூன் 17
வெண்டையின் நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்தேன்.

ஜூன் 20
திரும்பவும் பஞ்சு. திரும்பவும் சோப்பு. அண்ணன் டேப்போடு அளக்க வந்துவிட்டான். "என்னடா, செடிய இன்னும் குளிப்பாட்டி முடிக்கலியா?"
எரிச்சல். பிடுங்கி எறிந்துவிடலாமா?

ஜூன் 21
பல்பு திரும்பத் திரும்பப் போனால் பல்பை மாற்றாதே, லைனைப் பார் — வேலையில் தினமும் கத்துவது நான். இங்கே பல்பு மாற்றிக்கொண்டிருப்பதும் நான்! அரை மணி நேரம் செடியடியில் குந்தி உட்கார்ந்தேன். (நான், அரை மணி நேரம்!)
எறும்பு. தண்டில் வரிசையாக ஏறி இறங்குகிறது. பூச்சி கசியும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்கிறது. பூச்சியைத் தின்னப் புள்ளி வண்டு ஒன்று வந்தது, எறும்பு விரட்டிவிட்டது.
ஒவ்வொரு தண்டிலும் துணிப்பட்டை சுற்றி, அதன் மேல் லிஃப்ட் கிரீஸ். சுவரைத் தொட்ட இலைகளையும் கிள்ளினேன். எறும்புக்குப் பாலம் கட். நுனிகளைத் துடைத்தேன்.
"செடில லிஃப்ட் வாடை அடிக்குது. எத்தனாவது மாடி போகணும்?" — அண்ணி.

ஜூன் 24
எறும்பு பட்டை வரை வருகிறது, திகைக்கிறது, திரும்புகிறது. மூன்று நாளாகப் புதுப் பஞ்சு இல்லை. எஞ்சியதைப் புள்ளி வண்டுகள் மேய்கின்றன. பூ வேறு! ஜெயிச்சாச்சுடா!

ஜூன் 30
நாலு நாளில் சேர்த்தது நாற்பத்து மூன்று காய். மதியம் பாதியை அண்ணி வதக்கினார். அண்ணன் மூன்றாம் முறை தட்டை நீட்டினான். நானே அள்ளி வைத்தேன். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.
மீதி ராத்திரிக்கு. ரெண்டு வேளை!

ஆகஸ்ட் 3
முற்றவிட்ட மூன்று காயிலிருந்து விதை எடுத்தேன். காயவைக்க இடம் தேடுவதற்குள் அண்ணன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். தெருவோரம் நிற்கும் அவன் வண்டி சீட்டில் காகிதம் விரித்துப் பரப்பியிருக்கிறான்.
அண்ணி கடைக்குப் போக வண்டிச் சாவி கேட்டார்.
"நடந்து போ," என்றான். "வெதை காயுது."