தலைவரைக் கேட்டுச் சொல்றனுங்க

காப்பிச் செடிகளுக்கு நடுவே கடைசியில் ஓய்வெடுத்துக்கொண்ட என் ராஜம்மா அக்காவுக்கு,

உன் தூக்கத்தைக் கெடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊராட்சிச் சமாச்சாரம் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

நீ தலைவராக இருந்தபோது, உனக்குப் பிறகு யார் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாய். "ஊட்டுக்காரன் ஊர்ல இல்லாத பொம்பளையாப் பாத்து நிறுத்துங்க கண்ணு." மாமா இறந்த பிறகுதான் நீயே தேர்தலில் நின்றாய். அனுபவத்தில் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ கண்ணை மூடியதும் இடைத்தேர்தல் வந்தது. உன் பேச்சைத் தட்டவில்லை. உன்னோடு ஒரே வரிசையில் காப்பிப் பழம் பறித்த மல்லிகாவை நிறுத்தினோம். புருஷன் லாரி டிரைவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் தென்படுகிறவர். மல்லிகா ஜெயித்தாள். மாலை வாடுவதற்குள் அவர் லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். மக்கள் சேவை அழைத்ததாம்.

இப்போது உன் நாற்காலியில் அவர். மெத்தை வேறு போட்டிருக்கிறார். "ஆபீச நான் பாத்துக்கறேன், நீ எஸ்டேட் வேலையக் கெடுத்துக்காத" என்று அவளைப் பழம் பறிக்க அனுப்பிவிட்டார். பெண்டாட்டி மேல் இவ்வளவு அக்கறையுள்ள புருஷனை நம் மலையில் நான் பார்த்ததில்லை.

கிராம சபையை நீ சாயங்காலம் பழம் எடை போடுகிற கொட்டகையில் வைப்பாயே, ஞாபகமிருக்கிறதா? மூட்டையோடு வரிசையில் நிற்கிற பெண்கள் எங்கேயும் போக முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். மேல் லயனில் இருக்கிற எஸ்டேட் கூலிக்காரர் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் என்று அங்கேதான் தீர்மானம் போட்டாய். இப்போது சபை காலையில், புது லாட்ஜ் ஹாலில். பெண்கள் எல்லோரும் தோட்டத்தில் இருக்கிற நேரம். குழாயும் சபையின் பின்னாலேயே லாட்ஜுக்குப் போய்விடும் போலிருக்கிறது.

போன வாரம் எடைக் கொட்டகையில் மேல் லயன் பாப்பாத்தி மல்லிகாவை மறித்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு இன்னும் ஓடையிலிருந்து குடம் சுமக்கிறவள்.

"ஏம்புள்ள மல்லிகா, எங்க கொழாய் என்னாச்சு?"

மல்லிகா மூட்டையை இறக்கி வைத்தாள். "தலைவரைக் கேட்டுச் சொல்றனுங்க" என்றாள். புருஷனைத்தான் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை, அக்கா. அவளும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருத்தி தலைவராக இருக்க வேண்டுமென்றால் அவள் புருஷன் செத்துத்தான் போக வேண்டுமா? மாமா அங்கே பக்கத்தில் இருந்தால் பதில் சொல்ல வேண்டாம்.

குழாய் வரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நான் வெறும் வார்டு உறுப்பினர். லாட்ஜ் ஹாலில் எனக்கு டீ மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்று மட்டும் செய்வேன். அந்த மனிதரை "மல்லிகா ஊட்டுக்காரர்" என்றுதான் சொல்வேன். தலைவர் என்று அவளைத்தான் கூப்பிடுவேன்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் அவளுக்குப் பின்னால் நின்று "தலைவரே" என்றேன். திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

திரும்பும் வரை கூப்பிடுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சின்னப்பொண்ணு