நீ படித்துக் காட்டிய முடிவு

அக்கா,

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பழைய புத்தகக் கடையில் நம் நாவலைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். அதே தடிமன், அதே மங்கிய அட்டை. நேற்றுதான் படித்து முடித்தேன். முடித்ததிலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஓடும் பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அதனால் வேலைக்குப் போகும் அம்பத்தூர் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீ மெல்லிய குரலில் படிப்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கதையில் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய வீடு, காணாமல்போன தங்கை, அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் பெரியவர்கள். பூட்டிய அறை ஒன்றைத் திறக்கவே பாதிப் புத்தகம் ஆனது. மெட்ரோ வேலையில் பஸ் நின்றால் மற்றவர்கள் திட்டுவார்கள், நமக்கோ இன்னும் நாலு பக்கம் கிடைத்த சந்தோஷம். கடைசிப் பக்கத்தைப் பாரேன் என்று நான் நச்சரித்தால், "இன்னாடி அவசரம்? அந்த ஊட்டுக்காரங்களே இத்தினி வருசம் வாயத் தொறக்கல" என்பாய்.

முடிவில் தங்கை நரைத்த தலையோடு வந்து கதவைத் தட்டினாள், அக்காள் திறந்தாள் என்று படித்தாய். சென்னீர்குப்பம் ஸ்டாப் வருவதற்குள் நான் அழுது ஓய்ந்திருந்தேன்.

அச்சில் அப்படி இல்லையே அக்கா. வீட்டார்தான் அவளைக் கிணற்றில் தள்ளியிருக்கிறார்கள். அக்காளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

வேறு பதிப்போ என்று நீ இல்லாத உன் வீட்டுக்குப் போய் உன் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் கிணறுதான். நான் விழிப்பதைப் பார்த்து உன் மகன் என்னவென்று கேட்டான். தங்கை காணாமல்போகும் கதை என்றேன்.

"அம்மாவுக்கும் ஒரு தங்கச்சி இருந்தாங்களாம் ஆன்ட்டி. சின்ன வயசுலயே காணாம பூட்டாங்களாம். இன்னா ஆச்சின்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லல."

எத்தனை வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு குழப்பம். தங்கைக்கு என்ன ஆனது என்று தெரியாததால் கதையை மாற்றினாயா, தெரிந்ததால் மாற்றினாயா? நான் அழுதபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்போது உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"இந்தக் கதைல அந்தத் தங்கச்சி கெடைச்சாங்களா ஆன்ட்டி?" என்று உன் மகன் கேட்டான்.

புத்தகம் என் கையில்தான் இருந்தது. வந்து கதவைத் தட்டினாள், அக்காள் திறந்தாள் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் தெளிந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்காவது தெரிந்திருந்ததா அக்கா?