பாப்பா ஏன் கடிக்கிறாள்?

7 ஜூன், வெள்ளி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். திங்கட்கிழமை உங்கள் மகள் பள்ளியில் இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்திருக்கிறது. இனியும் கடித்தால் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். நாலு வயதில் இவ்வளவு கோபமா? யார் ரத்தமோ! சனி, ஞாயிறு உங்கள் வீட்டில் செல்போனில் எதைத்தான் காட்டுகிறீர்கள்?

நாம் பேசினால் சண்டைதான் வருகிறது. அதனால் வழக்கம்போல இதையும் அவள் பையில் வைக்கிறேன். "பத்திரம், யாரும் தொடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டிப்போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா

10 ஜூன், திங்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் ரத்தமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என்னிடம் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறாளே! நீ தையல் மெஷினை விட்டு எழுந்தால்தானே பிள்ளை முகம் தெரியும்? தூக்கம் போதவில்லையோ, ஒற்றைப் பிள்ளை என்ற ஏக்கமோ, ஒன்றும் புரியவில்லை. வண்டி இருமினால் எந்த மெக்கானிக்கும் காரணம் சொல்லிவிடுவான். இதற்கு எங்கே போய்க் கேட்பது?

இதுவும் பையில்தான் வருகிறது. "அம்மாகிட்ட மட்டும்தான் குடுக்கணும்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

பாப்பாவின் அப்பா

12 ஜூன், புதன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இது தபாலில் வருகிறது. காரணம் இருக்கிறது.

திங்களன்றும் கடித்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளியும் திங்களும்தாங்க கடிக்கிறா. அதுவும் பையை யாராவது எடுத்தா மட்டும். அதை மடியில வெச்சுக்கிட்டு விளையாடக்கூடப் போறதில்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நாம் இருவரும் முகம் பார்க்கமாட்டோம் என்பதற்காகப் பச்சைப் பிள்ளையைத் தபால்காரி ஆக்கிவிட்டோமே! எழுதும்போதே அழுகையாக வருகிறது. இனிப் பையில் எதுவும் வேண்டாம்.

பாப்பாவின் அம்மா

17 ஜூன், திங்கள்

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதையும் தபாலில்தான் அனுப்புகிறேன். நீ சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெள்ளியன்று வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள்.

"அம்மா ஒண்ணும் தரலியா? நான் தொலைச்சிட்டேனா?"

"இல்லடா கண்ணு, நீ தொலைக்கல" என்று அணைத்தேன். என்னையே கடித்துவிட்டாள். பிறகு என் தோளிலேயே விக்கி விக்கி அழுதாள்.

வைத்தாலும் கடி, வைக்காவிட்டாலும் கடி. என் மண்டை குழம்புகிறது. பிள்ளை பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள்.

இந்த வெள்ளி நீயும் பள்ளி வாசலுக்கு வா. அவள் எதிரில் என்னிடம் ஏதாவது பேசு. என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை. திட்டுவதானாலும் பரவாயில்லை, உன் வாயாலேயே திட்டு.

நான்