கறுப்படித்த முனை

மனைவி பிரியந்தினி வேலையிலிருந்து திரும்புமுன் பூண்டுலோயா பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். சுதர்சன் கலண்டர் தாளின் பின்பக்கம் அவசரமாக எழுதினான்.

"சோறும் பருப்பும் ஆக்கி வச்சிருக்கேன். கருவாட்ட மட்டும் நீ பொரிச்சுக்க. கூட்டாளி நிரஞ்சன் வந்தா மேசை மேல இருக்கிற அவன்ட புது ஸ்பிரிங்க திருப்பிக் குடுத்துரு. துப்பாக்கிக்குப் பழையதையே மாட்டிட்டேன், அந்த வேகம் போதும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி சாமி தட்டுல இருக்கு, இனி அது ஒன்கிட்டயே இருக்கட்டும்."

பேனா அதற்குமேல் நகரவில்லை.

நேற்று வீட்டுக்குப் பின்னால் பால் டின்னை வைத்து, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கியில் போட்ட புது ஸ்பிரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தான். காலடி கேட்டுத் துப்பாக்கியோடு திரும்பினான். மாமனார், கொண்டுவந்த லீக்ஸ் காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். நிஜம்போலத் தெரியட்டும் என்று பொம்மை என்று காட்டும் அதன் ஆரஞ்சு முனைக்குக் கறுப்படித்தவன் சுதர்சன்தான். அவரைப் பார்த்துச் சிரித்தவனும் அவன்தான். அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"எம்பத்து மூணு கலவரத்துல அப்பா அப்பிடி நின்னவருங்க," என்றாள் பிரியந்தினி. அதன்பிறகு அவனோடு பேசவில்லை.

மீண்டும் எழுதினான்.

"பூண்டுலோயா போயி மாமாவக் கூட்டிட்டு வரப் போறேன். வரமாட்டேன்னா வாசல்லயே ஒக்காந்திருப்பேன். லீக்ஸ் வாடுது, எடுத்துத் தண்ணி தெளிச்சு வையி."

தாளில் இடம் முடிந்திருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் நுழைத்தான்.

"கறுப்பச் சொரண்டுனேன், ஆரஞ்சு வந்துருச்சு. நான் சிரிச்சத எதால சொரண்டுறதுன்னுதான் தெரியல."