அவனுக்கு மட்டும் கறுப்பு சூப்

என் வீட்டுக்காரருக்கு,

நார்வே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவள் இறந்து வருடம் திரும்பவில்லை. அதற்குள் மாப்பிள்ளை இளையவளைக் கேட்கிறான், கொடுத்துவிடலாமே என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்குப் பதில் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல், தான் வழிகாட்டும் சுற்றுலாக் கூட்டத்தை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தான். வந்தவர்கள் காகிதத்தில் சேவல் உருவம் வெட்டினார்கள், பியரோகிக் கொழுக்கட்டை மடித்தார்கள். சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் வெள்ளை சூப் ஊற்றினேன். அவனுக்கு மட்டும் வாத்து ரத்தத்தில் வைத்த கறுப்பு சூப்.

உங்களுக்கு மட்டும் ஏன் கறுப்பு என்று ஒரு வெளிநாட்டுக்காரி கேட்டாள்.

"சொல்லுங்க மாப்ள. வாரா வாரம் சிரிச்சுக்கிட்டே சொல்ற கதைதானே" என்றேன்.

நம் ஊரில் பெண் கேட்டு வந்தவனுக்கு இதை வைத்தால் பெண் கிடையாது என்று அர்த்தம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மூத்தவ ஆஸ்பத்திரியில கெடந்து உங்களக் கேட்டப்ப, கூட்டத்த விட்டு வர முடியாதுன்னீங்களே. அதையும் சொல்லுங்க."

அவன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். அடுப்பருகே நின்ற நம் இளையவள் ப்ரோன்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர்கள் பாஷையில் ஒன்று விடாமல் சொன்னாள். அதன் பிறகு ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. அவன் மட்டும் குனிந்து குடித்தான். கிண்ணம் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அடுத்த வெள்ளியும் கூட்டத்தோடு அவன் வந்துதான் ஆக வேண்டும். இன்னொரு வாத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்களைப் பெற்றவள்