யூரோக்கிலிதோனை வென்ற கல்லிரோயி

ஸ்பாக்கியா, கிரேத்தா
அக்டோபர், ஞாயிறு மாலை

என் கண்ணான மனூசோஸுக்கு,

நாங்கள் திடமாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் அக்கா கல்லிரோயியைப் பற்றி யாராவது அரைகுறையாகச் சொல்லி நீ பதறுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், அவள் நலம், நலத்துக்கும் மேலே. அவள் காவ்தோஸ் தீவுக்குப் படகு ஓட்டத் தொடங்கியதிலிருந்து, காப்பிக்கடையில் லெஃப்தேரிஸ் "பொம்பளை சுக்கான் பிடிச்சா மீன்கூடச் சிரிக்கும்" என்று கிண்டலடித்து வந்தது உனக்குத் தெரியும். போன வாரம் அதே கடையில் உன் அப்பாவுக்கும் பாதிரியார் யாகோவோஸுக்கும் வாக்குவாதம். பவுல் அப்போஸ்தலரின் கப்பலை நம் கடலில் மோதியதே யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்றுதான், அந்தச் சொல் வேதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறதாம், சில பழைய பிரதிகளில் எழுத்தே வேறாம், வடகிழக்குக் காற்று என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றார் பாதிரியார். "திசைக்கு எவன் பயப்படுவான் சாமி? கிலிதோன்னா புரண்டு எழுற அலை. அது செய்யிற வேலைதான் அதுக்குப் பேரு" என்று அப்பா மேசையில் அடித்த அடியில் ராக்கிச் சாராயக் கோப்பை கவிழ்ந்தது.

வியாழக்கிழமை கல்லிரோயி பாதிரியாரையும் இன்னும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு தீவு ஆராதனைக்குப் புறப்பட்டாள். தென்காற்று இதமாகத்தான் வீசியது. பாதி வழியில் அது சட்டென்று அடங்கி, வெள்ளை மலைப் பக்கமிருந்து வடகிழக்குக் காற்று உருண்டு இறங்கியிருக்கிறது, அலை ஒவ்வொன்றும் வீட்டு உயரமாம். "ஊருக்குத் திருப்பும்மா" என்று பாதிரியார் கத்த, "திருப்பினா பக்கவாட்டுல அலை வாங்கிக் கவுந்துடுவோம் சாமி, நீங்க ஜெபம் பண்ணுங்க, சுக்கானை எங்கிட்ட விடுங்க" என்றாளாம். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டே ஓடி, அந்தக் காலத்தில் பவுலின் கப்பல் ஒதுங்கிய அதே காவ்தோஸின் மறுபக்கத்தில் படகைச் சேர்த்துவிட்டாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தொலைபேசி வரும்வரை நான் கரையில் நின்ற நிலையை எழுத மாட்டேன்.

மறுநாள் அவள் படகு துறைக்குள் திரும்பியதும் கோயில் மணியை அடித்தார்கள் பார், மலை ஆடெல்லாம் மிரண்டு ஓடின. லெஃப்தேரிஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று "கயிறைப் போடுங்க கேப்டன்" என்றான், ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிரியார் இறங்கி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, "வந்தது வடகிழக்கிலேருந்துதான், அது என் பக்கம். அர்த்தம் மட்டும் உன் பக்கம்பா" என்றார், அப்பா மகளைப் பார்த்து அழுதார். நேற்று படகுக்குப் புதுச் சாயம் அடித்து 'யூரோக்கிலிதோன்' என்று பெரிதாக எழுதிவிட்டாள். "நாசக் காத்தோட பேரையா வைப்பே?" என்று கேட்டேன். "ஜெயிச்சவ எடுத்துக்கிட்ட பேரும்மா" என்றாள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாராக. அக்காவுக்கு உடனே போன் போடு, அங்கே விடியும்போது இங்கே ராத்திரி என்பதை மறக்காதே.

தலை நிமிர்ந்து தெருவில் நடக்கும்
உன் அம்மா
அர்கிரோ