மெசினுக்குக் கொடுத்த இரத்தம்

இன்று எங்கள் ஆய்வுகூடத்தில் இரத்தம் எண்ணும் மெசினைப் பழுதுபார்க்க இஞ்சினியர் வந்திருந்தார். வேலை முடிந்ததும், "நல்ல சுகமா இருக்கிற ஆராவது ஒராள் கொஞ்சம் இரத்தம் தாங்கோ, ஓட்டிப் பாப்பம்" என்றார். நான் கையை நீட்டினேன். ஸ்பிரிட் பஞ்சின் மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது.

நீ இங்கே என்னோடு வேலை செய்தவரை என் கையை யார் கேட்டார்கள்? மெசினைச் சோதிக்க எப்போதும் உன் இரத்தம்தான். "நாங்கள் குருநகர் ஆக்கள், மீன் திண்டு வளந்த இரத்தம். உன்ரை கோப்பாய் உடம்பிலை கத்தரிக்காய்ச் சாறுதான் ஓடும்" என்பாய். குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் உன் எண்ணிக்கைகள் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரியே வரும். மெசினை விட உன்னைத்தான் நாங்கள் நம்பினோம்.

அதனால்தான், இஞ்சினியர் வந்து உன் இரத்தத்தைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த அன்றைக்குச் சிரித்தோம். தாளில் உன் வெண்குழியங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மெசின் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. முதிராத குழியங்கள் இருக்கலாம், பார்க்கவும் என்று அதற்குப் பொருள். டெங்குக் காய்ச்சல்காரருக்கும் போடும், சில நேரம் சும்மாவும் போடும். "எனக்கில்லை, உந்த மெசினுக்குத்தான் வருத்தம், அதுக்கு மருந்து குடுங்கோ" என்றாய். பாவம் இஞ்சினியர், குழாய்களைத் திரும்பவும் கழுவி, புதுத் திரவம் ஊற்றி ஓட்டினார். அதே குறி. பிறகு என் இரத்தத்தை எடுத்து ஓட்டினார். கத்தரிக்காய்ச் சாற்றில் ஒரு குறியும் இல்லை. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடித் தகட்டில் உன் இரத்தத்தை நீயே இழுத்தாய், நீயே சாயம் ஊற்றினாய். நுணுக்குக்காட்டிக்குக் கிட்ட என்னை விடவில்லை. நெடுநேரம் பார்த்தாய். பிறகு நானும் பார்த்தேன்: எத்தனையோ இரத்தப் புற்றுநோய்க்காரருடைய தகடுகளில் நாம் கண்டு பெருமூச்சு விட்ட அதே குழியங்கள். தலையை நிமிர்த்தாமலே, "மெசின் சரி" என்றாய். "அந்தாளைப் போக விடு, ரயிலுக்குப் பிந்தப் போகுது."

கைகழுவும்போது மட்டும், "அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. கோயில் திருநாள் முடியட்டும்" என்றாய். திருநாள் முடிந்தது. கொழும்பில் வைத்தியம், கொட்டிப்போன முடி, நீ கொஞ்சம் தேறியது, மறுபடி படுக்கையில் விழுந்தது. தொலைபேசி எடுத்தால் "மெசின் எப்பிடியடி இருக்கு?" என்று விசாரிப்பாயே தவிர, உன் சுகத்தைக் கேட்க விடமாட்டாய். எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன்னைச் சேமக்காலையில் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்த மறுநாள் மெசினைப் போட்டேன். அது வழக்கம்போல ஓடியது.

இப்போது யாருக்காவது அந்தக் குறி விழுந்தால், இது மெசினின் பிழையாக இருக்கட்டும் என்று மன்றாடிக்கொண்டுதான் தகட்டைப் பார்க்கக் குனிகிறேன். பல நேரம் பிழைதான். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர் ஒன்றும் அறியாமல் வீட்டுக்குப் போவார். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு எரிச்சலும் வரும். உன்னிடம் மட்டும் அது ஏன் உண்மை சொன்னது?

இன்று என் தாள் குறியில்லாமல் வந்தது. இஞ்சினியர் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்ப மெசின் சரியோ, மிஸ்?" என்று கேட்டார். நீ சொன்ன அந்த இரண்டு சொற்கள் என் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.